மேடைக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல பதினஞ்சு மீட்டர்: மிடி, யூஎஸ்பி கருவிங்களுக்கு கரண்ட் கொடுக்க முழு வழிகாட்டி

நம்ம சிங்கப்பூர்ல சிசி (சமூக மன்றம்) ஹால்ல பொங்கல் நிகழ்ச்சியோ, கோயில் மண்டபத்துல கல்யாண ரிசப்ஷனோ, இப்போ எந்த லைட் மியூசிக் குழுவை எடுத்தாலும் ஒரு லேப்டாப் இருக்கு. அது சவுண்ட்காரர் மிக்ஸர் பக்கத்துல உக்காந்திருக்கும், கீபோர்ட் கன்ட்ரோலரும் பேடும் (எந்த கீயை, எந்த பேடை அடிச்சோம்னு லேப்டாப்புக்கு மிடிங்கிற செய்தியா அனுப்புற கருவிங்க, சத்தம் லேப்டாப்லதான் உருவாகும்) மேடையில இருக்கும், நடுவுல பத்து பதினஞ்சு மீட்டர் இடைவெளி. புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல்ல செய்றது நீளமா ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டுறதுதான். லைட் எரியும், ரிஹர்சல்ல ரெண்டு பாட்டு ஓடும், அப்புறம் கூட்டம் வந்ததும் பேட் செத்துப்போகும், எல்லாரும் லேப்டாப்பை திட்டுவாங்க. லேப்டாப் மேல தப்பே இல்ல.

கீழ இருக்குற எல்லா ஸ்டெப்பும் ஒரே விஷயத்துல இருந்துதான் வருது: டேட்டாவை தூரமா அனுப்பலாம், 5 வோல்ட்டை தூரமா அனுப்பாதீங்க, கருவி எங்க இருக்கோ அந்த முனையிலேயே கரண்ட் கொடுங்க. வரிசையை மாத்தாம செய்ங்க, ஏன்னா கேபிளை முதல்ல வாங்கிட்டு கணக்கை அப்புறம் போடுறதுலதான் நிறைய பேர் காசு போகுது.

முன்னாடியே கையில இருக்க வேண்டியது: ஒரு அளவு டேப், ஒரு மல்டிமீட்டர், ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் (ப்ளக்குக்கும் கேபிளுக்கும் நடுவுல சொருகுவோமே, வோல்ட்டும் ஆம்ப்பும் காட்டும், அது), மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா. யூஎஸ்பி மீட்டர் இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. எலக்ட்ரானிக் கடைங்க நிறைஞ்ச சிம் லிம் டவர்ல மேல கீழ ஒரு சுத்து சுத்துனா கிடைக்கும், ஆன்லைன்லயும் விலை ரொம்ப கம்மி.

1. எது எங்க இருக்குதுன்னு பேப்பர்ல வரைங்க

மேடை, மிக்ஸர், லேப்டாப், ஒவ்வொரு கருவி, ஒவ்வொரு சுவர் ப்ளக் பாயிண்ட், எல்லாத்தையும் வரைஞ்சு தூரத்தை எழுதுங்க. நேர்க்கோட்டு தூரம் இல்ல, கேபிள் நடந்து போற தூரம். சுவர் ஓரமா சுத்தி, கதவை தாண்டி, மேடை படிக்கட்டு ஏறி போகும், அதனால 8 மீட்டர்னு கண்ணு சொல்றது கேபிள்ல 13 மீட்டர் ஆயிடும்.

ப்ளக் பாயிண்டையும் வரையணும்னு ஏன் சொல்றேன்னா, மேடையில ஏதோ ஒரு பாயிண்ட் இருந்தா உங்க பிரச்சனையில பாதி அங்கேயே முடிஞ்சுது. சில ஹால்ல மேடை பாயிண்ட் திரைக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், ஹால் பாத்துக்குறவர்கிட்ட கேளுங்க, சிலது ஆஃபீஸ்ல இருந்து ஆன் பண்ணாதான் வேலை செய்யும்.

2. ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுக்குதுன்னு எழுதுங்க

வரைபடத்துல ஒவ்வொரு பெட்டி பக்கத்துலயும் ரெண்டு விஷயம் எழுதுங்க: கரண்ட் எங்கிருந்து வருது (யூஎஸ்பி கேபிள்லேயே வருதா, தனி அடாப்டரா), எத்தனை மில்லியாம்ப்.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒரு கருவிக்கு அதிகபட்சம் 500 மில்லியாம்ப் கொடுக்கணும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900. 25 கீ இருக்குற குட்டி கன்ட்ரோலர் ரொம்ப கொஞ்சம்தான் எடுக்கும். கலர் கலரா எரியுற பேட் கருவி லைட் எல்லாம் ஒண்ணா எரியும்போது நல்லா இழுக்கும். கரண்டை கேபிள்லேயே எடுக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (லேப்டாப்புக்கு சத்தத்தை உள்ள வாங்கி வெளிய அனுப்புற பெட்டி) மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் (சில மைக்குக்கு அதோட கேபிள் வழியாவே போற கரண்ட்) ஆன் பண்ணா இன்னும் ஏறும்.

மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து யூஎஸ்பின்னு போனா கருவி எவ்வளவு கேக்குதுன்னு பாக்கலாம். ஆனா அது கருவி கேட்டு வாங்குன அளவு, நிஜமா இழுக்குறது வேற. நிஜ அளவு வேணும்னா சின்ன கேபிள்ல நேரா லேப்டாப்ல மாட்டி, நடுவுல யூஎஸ்பி மீட்டரை வச்சு, எல்லா லைட்டையும் எரியவிட்டு, எல்லா பேடையும் ஒரே நேரத்துல அடிச்சு பாருங்க, அப்போ காட்டுற அதிகபட்ச எண்தான் உங்க எண். சும்மா இருக்கும்போது பாத்த எண்ணை எழுதிட்டு வந்துடாதீங்க.

தனி அடாப்டர்ல ஓடுற கருவின்னா அடாப்டர் ஸ்டிக்கர்ல இருக்குற எல்லாத்தையும் எழுதுங்க: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை மில்லியாம்ப், நடு முனை ப்ளஸ்ஸா மைனஸ்ஸா. ஒரே அளவு ப்ளக்கா இருக்கும், ஆனா கிட்டார் பெடல் எல்லாம் பெரும்பாலும் நடுவுல மைனஸ், நிறைய கீபோர்ட் நடுவுல ப்ளஸ். மாத்தி சொருகினா கருவி போச்சு. அடாப்டர் தலையிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி கருவி பேரை எழுதிடுங்க, இருட்டுல மேடைக்கு பின்னாடி யாரும் ஸ்டிக்கர் படிக்க மாட்டாங்க.

3. கேபிள் எவ்வளவு வோல்ட்டை தின்னுடும்னு கணக்கு போடுங்க

இந்த ஸ்டெப்பைத்தான் எல்லாரும் தாண்டி போவாங்க, ஆனா இது அஞ்சு நிமிஷ வேலைதான்.

செம்புக் கம்பிக்கும் ஒரு தடை இருக்கு. கம்பி ஒல்லியானா தடை கூடும், நீளமானா கூடும். கரண்ட் போயிட்டு திரும்பி வரணும், அதனால கேபிள் நீளத்தை ரெண்டால பெருக்கணும், இதை மறந்துட்டு பாதி கணக்கோட நிக்கிறவங்க நிறைய. பந்தியில முதல் இலைக்கு அள்ளி ஊத்துன பாயசம் கடைசி இலைக்கு வரும்போது ஒரு கரண்டியா சுருங்குற மாதிரி, லேப்டாப்ல 5 வோல்ட்டா கிளம்புறது கருவிக்கு வரும்போது குறைஞ்சுதான் வரும்.

கேபிள் மேல பொடி எழுத்துல ஏடபிள்யூஜின்னு ஒரு எண் இருக்கும். எண் பெருசானா கம்பி ஒல்லி. 28 நம்பர் கம்பி மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.21 ஓம், 24 நம்பர் 0.084 ஓம், 20 நம்பர் 0.033 ஓம். 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி அப்படின்னு ரெண்டு எண் இருந்தா முதலாவது டேட்டா கம்பி, ரெண்டாவது பவர் கம்பி. நமக்கு ரெண்டாவதுதான் முக்கியம். எண்ணே அச்சடிக்காத மலிவு கேபிள்னா 28ன்னு வச்சுக்குங்க, பெரும்பாலும் அதுதான், சிலது அதைவிட மோசம்.

இப்போ கணக்கு. 5 மீட்டர் கேபிள், பவர் கம்பி 28, கருவி 500 மில்லியாம்ப் இழுக்குது. 5ஐ ரெண்டால பெருக்கி 0.21ஆல பெருக்குனா 2.1 ஓம், அதை 0.5 ஆம்ப்பால பெருக்குனா 1.05 வோல்ட் காணோம். கருவிக்கு போறது 4 வோல்ட்டுக்கும் கீழ. அதே நீளம் 24 நம்பர் கம்பின்னா 0.42 வோல்ட்தான் போகும், 4.58 நிக்கும், தப்பிச்சுடலாம். 20 நம்பர்னா 0.17 வோல்ட், கவலையே இல்ல. ஆனா 24 நம்பர் கம்பியையே 10 மீட்டருக்கு இழுத்தா 0.84 வோல்ட் போயிடும், 4.16தான் மிச்சம்.

நான் வச்சுக்குற அளவு இது: கருவி முனையில, முழு லோட்ல, 4.75க்கு மேல இருந்தா நிம்மதியா தூங்கலாம், 4.75க்கும் 4.4க்கும் நடுவுலன்னா ஓடும் ஆனா நிகழ்ச்சிக்கு நம்பாதீங்க, 4.4க்கு கீழன்னா அந்த கேபிளை சுருட்டி பைக்குள்ள போடுங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் புழுக்கத்துல ப்ளக் முனை எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி மங்கிடும், அதுவும் ஒரு தடைதான். கணக்குல எல்லாம் சரியா வந்தும் மீட்டர்ல குறைச்சலா காட்டுனா, கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு துடைச்சுட்டு மறுபடியும் அளங்க.

4. லேப்டாப்பை நகர்த்த முடியுமான்னு முதல்ல கேளுங்க

இதுக்கு காசே செலவில்ல. லேப்டாப்பையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் மேடைக்கு கொண்டு போயிட்டு, அங்கிருந்து மிக்ஸருக்கு பேலன்ஸ்டு (தூரம் போனாலும் இரைச்சல் ஏறாத) ஆடியோ கேபிள் இழுத்துடுங்க. டிஐ பாக்ஸ் (சாதா ஆடியோ சிக்னலை பேலன்ஸ்டா மாத்துற பெட்டி) வழியா போற எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக்) கேபிள் 30 மீட்டர் போனாலும் அசையாது, யூஎஸ்பி 5 மீட்டருக்கே மூச்சு வாங்கும். லேப்டாப்பை பாக்குறவர் கீபோர்ட் வாசிக்கிறவரேன்னா இதைத்தான் செய்யணும், மத்த ஸ்டெப்பெல்லாம் தேவையே இல்ல.

லேப்டாப் சவுண்ட்காரர்கிட்டதான் இருக்கணும்னா (பாட்டு டிராக் ஓடுறவர் அவர்தான்னா அப்படித்தான் இருக்கும்) கீழ போங்க.

5. டேட்டாவுக்கு வழி போடுங்க

யூஎஸ்பி 2.0க்கு ஒரு கேபிளோட எல்லை 5 மீட்டர். இது வோல்ட் விஷயம் இல்ல, நேர விஷயம், லேப்டாப் கேட்ட கேள்விக்கு பதில் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வரலைன்னா அது கருவியையே இல்லன்னு முடிவு பண்ணிடும். அதனால எவ்வளவு தடிச்ச கம்பி போட்டாலும் சாதா கேபிள்ல 10 மீட்டர் ஓடாது, ஓடினாலும் அதிர்ஷ்டம். 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் மூணை ஒண்ணோட ஒண்ணு கோர்க்குறதும் அதே கதைதான், மேல நாலு ப்ளக் மூட்டோட தடை வேற சேரும்.

5 மீட்டர்ல இருந்து 15 மீட்டர் வரைக்கும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள். உள்ளுக்குள்ள ஒரு சின்ன ஹப் சிப் இருக்கும் (ஹப்னா ஒரு யூஎஸ்பி ஓட்டையை பல ஓட்டையா பிரிக்கிற சாதனம்), சிக்னலை புதுசா எழுதி முன்னாடி தள்ளும். லேப்டாப்புக்கும் கருவிக்கும் நடுவுல அதிகபட்சம் அஞ்சு ஹப்தான் இருக்கலாம், ஆக்டிவ் கேபிள்ல ஒவ்வொரு சிப்பும் ஒரு ஹப், முனையில மாட்டுற ஹப்பும் ஒண்ணு, லேப்டாப்ல சொருகுன டாக்குக்குள்ளயும் (பல போர்ட் இருக்குற பெட்டி) ஒண்ணு இருக்கும், எண்ணிப் பாத்துக்குங்க.

ஆக்டிவ் கேபிள் டேட்டாவைத்தான் புதுப்பிக்கும், வோல்ட்டை புதுப்பிக்காது! ஆக்டிவ்னா கரண்டும் சேத்து தள்ளும்னு நெனச்சுதான் நிறைய பேர் வாங்குறாங்க. உள்ள இருக்குற சிப்பே கொஞ்சம் கரண்டை எடுத்துக்கும், மிச்சம்தான் உங்களுக்கு. அடாப்டர் ஓட்டை இருக்குற மாடலா வாங்குங்க, அந்த ஓட்டை கருவி இருக்குற முனையில இருக்கணும், லேப்டாப் பக்கத்துல இருந்தா அர்த்தமே இல்ல.

15 மீட்டருக்கு மேலன்னா கேட்6 (நெட்வொர்க்) கேபிள் வழியா போற யூஎஸ்பி எக்ஸ்டென்டர், ரெண்டு முனையிலயும் ஒரு பெட்டி வரும், நல்லதுன்னா 50 மீட்டர் போகும். வாங்கும்போது பாக்க வேண்டியது ரெண்டு. தூரத்துல இருக்குற பெட்டிக்கு அடாப்டர் உண்டான்னு பாருங்க, அடாப்டரே இல்லாத ரொம்ப மலிவான ஜோடி உள்ள ஒண்ணுமில்லாத வெறும் கம்பிதான், தொடாதீங்க. ரெண்டாவது, அது யூஎஸ்பி 1.1 வேகமா 2.0 வேகமான்னு பாருங்க, மிடிக்கு 1.1 தாராளமா போதும், எட்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு போதாது. அந்த கேட்6 கேபிளை நேரா பெட்டியில இருந்து பெட்டிக்கு போடுங்க, ஹால் சுவர்ல இருக்குற நெட்வொர்க் பாயிண்ட்ல சொருகாதீங்க, கேபிள் ஒண்ணா இருந்தாலும் உள்ள ஓடுறது பெரும்பாலும் நெட்வொர்க் சிக்னல் இல்ல.

6. தூர முனையில பவர் ஹப் வைங்க

ஆக்டிவ் கேபிளோ கேட்6 பெட்டியோ, அது முடியுற இடத்துல சொந்த அடாப்டர் இருக்குற ஒரு ஹப்பை வச்சு, எல்லா கருவியையும் ஒரு மீட்டருக்குள்ள இருக்குற சின்ன கேபிள்ல அதுல சொருகுங்க. இப்போ 15 மீட்டர் கேபிள்ல டேட்டா மட்டும்தான் போகுது, கரண்ட் ஹப்ல இருந்து கருவிக்கு ஒரு மீட்டர்தான் நடக்குது.

ஹப் அடாப்டர் எத்தனை ஆம்ப்னு பாருங்க. ரெண்டாவது ஸ்டெப்ல எழுதுன எண்ணையெல்லாம் கூட்டி, அதுல பாதியை இன்னும் சேத்துக்குங்க. 900 மில்லியாம்ப் வருதுன்னா 2 ஆம்ப் அடாப்டர் போதும். ஏழு ஓட்டை ஹப்புக்கு 1 ஆம்ப் அடாப்டர் கொடுத்து விக்கிறாங்க, எண்ணிக்கையை பாத்து மயங்காதீங்க. அடாப்டர் மூணு பின் ப்ளக்கோட, சேஃப்டி மார்க் ஸ்டிக்கரோட இருக்கணும், சிங்கப்பூர்ல அது இல்லாம அடாப்டர் விக்கவே கூடாது. வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச ரெண்டு பின் அடாப்டரை பாயிண்டோட எர்த் ஓட்டையை பேனா மூடியால குத்தி திறந்து சொருகுற பழக்கம் மேடையில வேண்டாம்.

வாங்குன உடனே ஒரு சோதனை பண்ணுங்க. ஹப்போட அடாப்டரை ஆன் பண்ணுங்க, லேப்டாப்புக்கு போற ப்ளக்கை லேப்டாப்ல சொருகாம யூஎஸ்பி மீட்டர்ல சொருகுங்க. மீட்டர் எரியக்கூடாது. எரிஞ்சா அந்த ஹப் தன்னோட கரண்டை லேப்டாப் பக்கமா திருப்பி தள்ளுது, ரெண்டு 5 வோல்ட்டும் முட்டிக்கும், லேப்டாப் போர்ட் சூடாகும், சில லேப்டாப் ஷட் டவுன் பண்ணாலும் முழுசா அணையாது. அந்த மாதிரி ஹப்பை கடையிலேயே திருப்பி கொடுங்க. ஆண் ப்ளக் மீட்டர்ல நேரா போகும், சி டைப் முனைன்னா ஒரு சின்ன கன்வர்ட்டர் வேணும்.

ரெண்டு ஆண் ப்ளக் இருக்குற ஒய் கேபிளை பத்தியும் கேப்பாங்க, ஒண்ணு லேப்டாப்புக்கு இன்னொண்ணு சார்ஜருக்கு. அதுலயும் இதே முட்டல் உண்டு, எனக்கு பிடிக்காது.

ஐபேட்ல வாசிக்கிறவங்களுக்கு இந்த ஸ்டெப் கட்டாயம். கருவி கொஞ்சம் அதிகமா கேட்டாலே ஐபேட் "இந்த கருவி ரொம்ப பவர் எடுக்குது"ன்னு இங்கிலீஷ்ல ஒரு பெட்டி காட்டி மறுத்துடும். நடுவுல பவர் ஹப் வச்சா அந்த பேச்சே வராது.

7. மேடையில ப்ளக் பாயிண்டே இல்லன்னா

வாய்ட் டெக்லயும் (ப்ளாக் கீழ் தளத்துல இருக்குற திறந்த இடம்) பார்க்லயும் இதுதான் நிலைமை. மூணு வழி இருக்கு, நான் தேர்ந்தெடுக்குற வரிசையிலேயே சொல்றேன்.

பவர் பேங்க். ஹப்புக்கு 5 வோல்ட் உள்ள போகுதுன்னா (எல்லா ஹப்பும் 5 இல்ல, சிலது 12, ஸ்டிக்கரை பாருங்க) பவர் பேங்க்ல இருந்தே கொடுத்துடலாம். 10,000 மில்லியாம்ப்-அவர் பேங்க்ல கிட்டத்தட்ட 37 வாட்-அவர் இருக்கு, கருவிங்க எல்லாம் சேந்து 2.5 வாட் எடுத்தா வழியில போற நஷ்டத்தையும் கழிச்சு பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். மழை வந்தாலும் மேடையில 230 வோல்ட் கிடக்காது, அதுக்காகவே எனக்கு இது பிடிக்கும். ஒரே சிக்கல், சில பேங்க் இழுவை ரொம்ப கம்மியா இருந்தா போன் சார்ஜ் ஆயிடுச்சுன்னு நெனச்சு தானா அணைஞ்சுடும், குட்டி கீபோர்ட் மட்டும் மாட்டுனா இது நடக்கும். வீட்டுல ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு பாருங்க. நிகழ்ச்சி நடுவுல பேங்கை சார்ஜுக்கு போடாதீங்க, மாறுற நொடியில நிறைய பேங்க் ஒரு கணம் வெட்டும், அந்த ஒரு கணம் போதும் கருவி ரீஸ்டார்ட் ஆக.

ரெண்டாவது, 12 வோல்ட்டை தூரமா அனுப்பி அங்க 5 ஆக்குறது. 2.5 வாட்டை 5 வோல்ட்ல அனுப்ப அரை ஆம்ப் வேணும், 12 வோல்ட்ல அனுப்ப கால் ஆம்ப்புக்கும் கம்மிதான். 24 நம்பர் கம்பியில 10 மீட்டர் போனா 0.4 வோல்ட்தான் குறையும், 11.6 வந்து சேரும், அங்க ஒரு பக் கன்வர்ட்டர் அதை சுத்தமா 5 ஆக்கிடும். திருகாணி வச்ச கன்வர்ட்டர்னா கருவியை மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு 5.1க்கு திருகி வைங்க, புதுசா வரும்போது அது எதுல நிக்கும்னு சொல்ல முடியாது, 9ல நின்னா ஹப்போட சேத்து எல்லாம் போயிடும். 12 வோல்ட் அடாப்டர் பக்கத்துல ஒரு ஃப்யூஸ் போடுங்க. வர்ற 5 வோல்ட்டை ஹப்போட அடாப்டர் ஓட்டையில மட்டும் கொடுங்க, யூஎஸ்பி கேபிளை வெட்டி ஒட்டாதீங்க. அடாப்டருக்கு பதிலா யூஎஸ்பி-சி சார்ஜரும் ட்ரிகர் கேபிளும் (சார்ஜர்கிட்ட குறிப்பிட்ட வோல்ட்டை கேட்டு வாங்குற கேபிள்) வச்சு செய்றவங்க 12ஐ நம்பாதீங்க, பவர் டெலிவரியோட (யூஎஸ்பி-சி சார்ஜரும் கருவியும் பேசி வோல்ட்டை முடிவு பண்ற முறை) வழக்கமான படிகள் 5, 9, 15, 20தான், 12 சில சார்ஜர்லதான் இருக்கும். 15ஐ கேளுங்க, கன்வர்ட்டர் அதையும் தாங்குமான்னு பாத்துட்டு.

மூணாவது பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள்லேயே கரண்ட். 802.3ஏஎஃப் ஸ்விட்ச் 15.4 வாட் அனுப்பும், 100 மீட்டர் தாண்டி கருவி பக்கத்துல 12.95 வாட் கிடைக்கும், ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டா 5 இல்ல 12 வோல்ட்டா எடுத்துக்கலாம். கிட்டத்தட்ட 48 வோல்ட்ல போறதாலதான் அவ்வளவு தூரம் போகுது. நெட்வொர்க் மிடி பயன்படுத்துறவங்களுக்கு டேட்டாவும் கரண்டும் ஒரே கேபிள்ல வந்துடும். ஆனா யூஎஸ்பி எக்ஸ்டென்டர் ஓடுற அதே கேட்6ல பிஓஇயை ஏத்தாதீங்க, தனி கேபிள் போடுங்க. பாஸிவ் பிஓஇன்னு விக்கிறது வேற சாமான், கேக்காமலே கரண்டை தள்ளும், இதோட கலக்காதீங்க.

8. அஞ்சு பின் மிடி இருந்தா அதையே போடுங்க

கருவிக்கு பின்னாடி பழைய வட்டமான மிடி ஓட்டை இருக்கா? அப்போ யூஎஸ்பியை நீட்டுறதுக்கு பதிலா கருவிக்கு அதோட அடாப்டரை மேடையிலேயே கொடுத்துட்டு, டேட்டாவை மிடி கேபிள்ல அனுப்பி, லேப்டாப் பக்கத்துல ஒரு மிடி இன்டர்ஃபேஸ் வச்சு வாங்கிக்குங்க.

மிடி கேபிளுக்கு எல்லை 15 மீட்டர். அதுக்கு மேல சிக்னல் முனை மழுங்கிடும், நோட் விட்டுப்போகும். இன்னும் தூரம்னா நடுவுல அடாப்டர்ல ஓடுற ஒரு மிடி த்ரூ பாக்ஸ் வைங்க, அது புதுசா எழுதி அனுப்பும். அனுப்புற கருவியில இருந்து கேபிள்ல போறது வெறும் 5 மில்லியாம்ப், வாங்குற கருவி அதை ஒரு ஆப்டோ வழியா வெளிச்சமா மாத்தி எடுத்துக்கும், ரெண்டு கருவிக்கும் நடுவுல கம்பித் தொடர்பே இல்ல. அதனாலதான் யூஎஸ்பியில வர்ற உர்ர் சத்தம் இதுல வராது.

அடாப்டரே இல்லாம மிடி லைன்ல இருந்தே கரண்ட் எடுத்து ஓடுற சின்ன பெட்டிங்க உண்டு, மெர்ஜர், ஃபில்டர் அந்த மாதிரி. அதை நீள கேபிளோட தூர முனையில வைக்காதீங்க, அனுப்புற கருவி பக்கத்துலேயே வைங்க, அங்கதான் அதுக்கு முழு கரண்ட் கிடைக்கும்.

9. மிடி கேபிள்லேயே பெடலுக்கு கரண்ட்

கால்ல மிதிக்கிற மிடி ஃபுட் கன்ட்ரோலர் வச்சிருக்குறவங்களுக்கு மட்டும் இது. மிடிக்கு தேவை 4, 5, 2 இந்த மூணு பின்தான், 1ம் 3ம் சும்மா கிடக்குது. சில கருவி அந்த ரெண்டுல கரண்ட் அனுப்பும், சிலது ஏழு பின் கேபிள் போட்டு 6, 7ல அனுப்பும்.

முதல் தடை கேபிள்தான். கடையில வாங்குற நிறைய மிடி கேபிள்ல 1ம் 3ம் இணைச்சே இருக்காது. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு பின்னா தொட்டு பாருங்க, அஞ்சும் பீப் அடிக்கணும்.

அடுத்தது, கருவி கேக்குறது ஏசியா டிசியான்னு கையேட்டுல பாருங்க, 9 வோல்ட் ஏசி கேக்குற பெடலும் உண்டு. டிசின்னா எந்த பின் ப்ளஸ்ன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், பொது விதி கிடையாது, அதனால யாரோ சொன்னாங்கன்னு சொருகாதீங்க. இந்த கேபிள் ரெண்டு முனையிலயும் சிவப்பு டேப் சுத்தி தனியா வைங்க, சாதா மிடி கேபிளோட கலந்துட்டா யாராவது எடுத்து வேற கருவியில மாட்டிடுவாங்க. கரண்ட் ஓடுறதால இங்க ரெண்டு கருவியோட தரையும் (கிரவுண்ட்) ஒண்ணாயிடும், எட்டாவது ஸ்டெப்ல சொன்ன ஆப்டோ பாதுகாப்பு இதுல பாதி போச்சுன்னு வச்சுக்குங்க.

10. ஆன் பண்ற வரிசை

முதல்ல ஹப்போட அடாப்டர், எக்ஸ்டென்டர்னா தூர பெட்டியோட அடாப்டர். அப்புறம் நீள கேபிளை லேப்டாப்ல சொருகுங்க. அப்புறம் கருவிங்களை ஒவ்வொண்ணா, நடுவுல சில நொடி விட்டு. எல்லாம் வந்ததுக்கு அப்புறம்தான் மியூசிக் சாஃப்ட்வேரை திறக்கணும். ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது ஸ்பீக்கர் முதல்ல.

காரணம்: சில ஹப் லேப்டாப்போட பேசும்போதே தனக்கு சொந்த கரண்ட் இருக்கா இல்லையான்னு சொல்லிடும், அந்த நேரத்துல அடாப்டர் ஆஃப்ல இருந்தா ஒவ்வொரு ஓட்டைக்கும் 100 மில்லியாம்ப்தான்னு லேப்டாப் முடிவு பண்ணிடும், அப்புறம் அடாப்டரை போட்டாலும் மாறாம அடம் பிடிக்கும். சாஃப்ட்வேரும் பல சமயம் திறக்கும்போது இருந்த மிடி போர்ட்டைத்தான் லிஸ்ட்ல வச்சிருக்கும்.

விண்டோஸ் லேப்டாப்னா நிகழ்ச்சிக்கு முந்தின நாளே பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைச்சுடுங்க. டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப்போட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல, கரண்ட் மிச்சம் பண்ண கருவியை அணைக்கலாம்னு அனுமதி கொடுக்குற டிக்கையும் எடுத்துடுங்க. தலைவர் பேசி முடிக்கிற அரை மணி நேரத்துல கன்ட்ரோலர் தூங்கிப்போறது இதனாலதான், கேபிளை குத்தம் சொல்லாதீங்க.

11. லோட் போட்டு அளங்க

யூஎஸ்பி மீட்டரை கருவி முனையில, கடைசி ப்ளக்ல வைங்க. லேப்டாப் முனையில வச்சு பாத்துட்டு 5.1 காட்டுதேன்னு சந்தோஷப்படுறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

எல்லா கருவியும் ஆன், எல்லா லைட்டும் முழு வெளிச்சம், ஃபேன்டம் ஆன், லேப்டாப் சார்ஜரை எடுத்துட்டு பேட்டரியில. இப்படி ஒரு இருபது நிமிஷம் வாசிச்சுக்கிட்டே வோல்ட்டை பாருங்க. அப்புறம் கேபிளை ஒவ்வொரு மூட்டுலயும் லேசா அசைச்சு பாருங்க, எண் துள்ளுச்சுன்னா அந்த மூட்டை மாத்துங்க. நீள கேபிளை சுருட்டி வச்சு சோதிக்காதீங்க, ஹால்ல எப்படி போடுவீங்களோ அப்படி விரிச்சு போட்டு சோதிங்க. கடைசி மூட்டை மேடை காலோட ஒரு வெல்க்ரோவுல கட்டுங்க, யாராவது கால் தட்டுனா இழுவை ப்ளக்குக்கு போகாம கட்டுக்கு போகும்.

12. உர்ர்ர்னு சத்தம் வந்தா

லேப்டாப் சார்ஜரை கழட்டுங்க. சத்தம் நின்னா அது கிரவுண்ட் லூப்: லேப்டாப் ஒரு பாயிண்ட்ல, மேடை ஹப் இன்னொரு பாயிண்ட்ல, ரெண்டு தரையும் யூஎஸ்பி கேபிள் வழியா ஒரு வட்டம் போட்டுடுச்சு.

முதல் மருந்து, முடிஞ்ச அளவு ஆடியோ சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் ஒரே பாயிண்ட்ல இருந்து எடுங்க. நம்ம கருவி எல்லாம் சேந்தாலும் 13 ஆம்ப் பாயிண்டுக்கு ஒரு மூலைக்கும் காணாது, பயப்பட வேண்டாம், ஆனா மேடை லைட்டை அதுல சேக்காதீங்க. ரெண்டாவது, மிக்ஸருக்கு போற வழியில ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச டிஐ பாக்ஸ், அதுல தரைத் தொடர்பை வெட்டுற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சை தட்டுங்க. மூணாவது யூஎஸ்பி ஐசொலேட்டர் (டேட்டாவை விட்டுட்டு கம்பித் தொடர்பை வெட்டுற பெட்டி), 12 மெகாபிட் மாடல் மிடிக்கு போதும், ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு நிறைய நேரம் போதாது. ஐசொலேட்டர் தாண்டி கிடைக்கிற கரண்ட் ரொம்ப கம்மி, அதனால அதுக்கு அப்புறம் கண்டிப்பா பவர் ஹப்.

ப்ளக்ல எர்த் பின்னை பிடுங்குறது, டேப் ஒட்டி மறைக்கிறது, இதெல்லாம் செய்யவே செய்யாதீங்க. சத்தம் போகும், அடுத்தது மைக்கை தொடுற பாடகருக்கு ஷாக்.

13. நிகழ்ச்சி நடுவுல நின்னுட்டா

லைட் எரியுது, லேப்டாப்ல பேர் வரலன்னா: கரண்ட் வருது, டேட்டா வரல. கேபிள் நீளம், ஹப் எண்ணிக்கை, இல்லன்னா அது சார்ஜிங் மட்டும் செய்ற கேபிள்.

பேர் வருது, லைட் எல்லாம் எரியும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா வோல்ட் விழுது. அந்த நேரத்துக்கு கருவி செட்டிங்ல லைட் வெளிச்சத்தை குறைங்க, நிகழ்ச்சி முடியுற வரைக்கும் ஓடிடும், அப்புறம் மூணாவது ஸ்டெப்புக்கு திரும்புங்க.

ஹப்ல இருக்குற எல்லா கருவியும் ஒரே நேரத்துல போச்சுன்னா ஹப் அடாப்டரையும் நீள கேபிளையும் பாருங்க, ஒண்ணு மட்டும் போச்சுன்னா அதோட சின்ன கேபிள். மாத்துக்கு ஒரு சின்ன கேபிளும் ஒரு அடாப்டரும் பையில எப்பவும் இருக்கணும்.

ஒரு நோட் மட்டும் நிக்காம இழுத்துக்கிட்டே இருந்தா, கீயை விட்ட செய்தி வர்றதுக்குள்ள கேபிள் அறுந்திருக்கு. சாஃப்ட்வேர்ல பேனிக் பட்டனை அழுத்துங்க, அது எல்லா சேனலுக்கும் 123ங்கிற கன்ட்ரோல் நம்பரை அனுப்பி எல்லா நோட்டையும் நிறுத்தும். அந்த பட்டன் எங்க இருக்குன்னு சவுண்ட்காரருக்கும் முன்னாடியே காட்டி வைங்க, ஏன்னா லேப்டாப் பக்கத்துல நிக்கிறவர் அவர்தான்.